நோயாளிகளுக்கு செல்ஃப் ஹிப்னாஸிஸ் சொல்லிக் கொடுக்கப் போறீங்களா? குமரி மாவட்டத்துல புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

மேடையில ஆளக் கூப்பிட்டு வெங்காயத்த ஆப்பிள்னு தின்ன வைக்கிற சமாச்சாரம் இல்ல இது. நாள்பட்ட வலி, உறக்கமின்மை, டென்ஷன், ஊசி பயம், எம்ஆர்ஐ மெஷினுக்குள்ள படுக்க பயம்னு வர்றவங்களுக்கு, தன்னைத் தானே தளர்த்திக்கிற ஒரு பயிற்சிய கத்துக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புறது. நான் ஸ்டாஃப் நர்ஸ், வலி ஓபில வேலை. இத கத்துக்கிட்டு வார்டுல நடைமுறைக்கு கொண்டு வர்றதுக்குள்ள நல்லா அலைஞ்சாச்சு, ஏன்னா புத்தகம் எல்லாம் இங்கிலீஷ், யூட்யூப் ஆடியோ எல்லாம் செய்தி வாசிக்கிற தமிழ், கேக்க ஆளும் இல்ல. நர்ஸ், பிசியோ, கவுன்சலர், சின்ன கிளினிக் டாக்டர் யாரா இருந்தாலும் கீழ இருக்கிற வரிசைப்படி போனா அந்த அலைச்சல் மிச்சம்.

ஒரே அளவுகோல் தான் வச்சுக்கோங்க: நாலாவது தடவை வர்றப்ப அந்த ஆளு நீங்க இல்லாமலே இத செஞ்சு காட்டணும். உங்க முன்னாடி மட்டும் நல்லா ரிலாக்ஸ் ஆகுறாங்கன்னா நீங்க இன்னும் சொல்லிக் கொடுக்கலன்னு அர்த்தம்.

1. மொதல்ல உங்க பேப்பர பாருங்க

ஹிப்னோதெரபிஸ்ட்னு நம்ம நாட்டுல தனியா அரசு லைசென்ஸ் கிடையாது. அதனால உங்களுக்கு நிக்கிற பலம் உங்க சொந்த தொழிலோட பதிவு தான், டாக்டர்னா மெடிக்கல் கவுன்சில், நர்ஸ்னா தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்). அந்த பதிவு ரினிவல் ஆகியிருக்கான்னு பாத்து ஒரு காப்பி ஃபைல்ல வைங்க. ஆஸ்பத்திரில வேலை பாக்குறீங்கன்னா பொறுப்பு டாக்டர்கிட்ட "இன்ன இன்ன நோயாளிக்கு ரிலாக்ஸேஷன் பயிற்சி சொல்லிக் கொடுக்க அனுமதி"ன்னு ஒரு கடிதம் கையெழுத்தோட வாங்கிருங்க. வாய்ப்பேச்சுல சரின்னு சொன்னது அவங்க டிரான்ஸ்பர் ஆகி போனதும் காணாம போயிரும்.

டாக்டர் "இதெல்லாம் வேலைக்கு ஆவுமா சிஸ்டர்"னு இழுத்தா ரெண்டு விஷயம் சொல்லுங்க. 2000ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல எல்விரா லாங் குழுவோட ஆய்வு வந்துச்சு, 241 நோயாளிகள், ரத்தக்குழாய் வழியாவும் கிட்னியிலயும் செய்யுற ப்ரொசீஜர் நடக்குறப்பவே தன்னைத் தானே தளர்த்திக்கிற ஹிப்னாஸிஸ் சொல்லிக் கொடுத்த குரூப்புக்கு வலி மருந்து கம்மியா தேவைப்பட்டுச்சு. இன்னொண்ணு, இங்கிலாந்துல சிகிச்சை வழிகாட்டுதல் போடுற நைஸ் (NICE) அமைப்போட வழிகாட்டுதல்ல ஐபிஎஸ் (IBS) வயிற்றுக்கோளாறுக்கு பன்னெண்டு மாசம் மருந்து எடுத்தும் சரியாகாதவங்களுக்கு ஹிப்னோதெரபிய யோசிக்கலாம்னு இருக்கு. இதுக்கு மேல பேச வேண்டாம், நிறைய பேசுனா விக்க வந்த ஆளு மாதிரி இருக்கும்.

கோர்ஸ் விஷயத்துல கவனம். ஒரு இடத்துல நல்ல தொகை வாங்கிட்டு ரெண்டு நாள் ஸ்லைடு ஓட்டி, லேமினேட் பண்ணின சர்டிபிகேட்ல "இன்டர்நேஷனல் மாஸ்டர்"னு போட்டு கையில குடுத்தாங்க, ஒரு ஆள உக்கார வச்சு செஞ்சு காட்ட விடவே இல்ல. பணம் கட்டுறதுக்கு முந்தி மூணு கேள்வி கேளுங்க: சொல்லித் தர்றவருக்கு என்ன பதிவு இருக்கு, நான் செய்யுறத பக்கத்துல இருந்து பாத்து திருத்துவீங்களா, யாருக்கு செய்யக் கூடாதுங்கிறது பாடத்துல இருக்கா. மூணாவதுக்கு "எல்லாருக்கும் செய்யலாம்"னு பதில் வந்தா வாசல் பாத்து நடைய கட்டுங்க.

போர்டு, நோட்டீஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எதுலயும் சுகர் குணமாகும், பிரஷர் குணமாகும், வலிப்பு நிக்கும்னு எழுதிராதீங்க. 1954ல வந்த மருந்து மற்றும் மாய மருத்துவ விளம்பரச் சட்டத்தோட அட்டவணையில இந்த நோயெல்லாம் இருக்கு, சும்மா போய் தலைய குடுக்க வேண்டாம்.

2. யாருக்கு வேண்டாம்

இத மனப்பாடமா வச்சுக்கோங்க. காதுல குரல் கேக்குது, யாரோ என்னை கண்காணிக்கிறாங்கன்னு சொல்றவங்க, ஸ்கிசோஃப்ரினியா, பைபோலார்ல மேனியா கட்டத்துல இருக்கிறவங்க, தற்கொலை எண்ணம் ஓடுறவங்க, குடி நிறுத்தி கை நடுங்குற கட்டத்துல இருக்கிறவங்க, டிமென்ஷியா. இவங்கள நீங்க எடுக்காதீங்க, மனநல டாக்டர்கிட்ட அனுப்புங்க, ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்ல ஓபி இருக்கு. வலிப்பு உள்ளவங்க, பெரிய அதிர்ச்சிய சந்திச்சவங்கன்னா சிகிச்சை பாக்குற டாக்டர் சம்மதிச்ச பிறகு மட்டும்.

அடுத்தது வலி. புதுசா வந்த வலிய ஹிப்னாஸிஸ்ல அமுக்கக் கூடாது. நெஞ்சு வலி, திடீர் வயித்து வலி, காலு மரத்துப் போற முதுகு வலி இதெல்லாம் டாக்டர் பாத்து காரணம் எழுதின பிறகு தான் உங்ககிட்ட வரணும். "கேஸ் தான் சிஸ்டர், உங்க பயிற்சி செஞ்சா போயிரும்"னு அண்ணாச்சிங்க யாராவது நெஞ்ச தடவிக்கிட்டே வந்தா மொதல்ல இசிஜி.

3. ஃபைல்ல என்ன இருக்கணும்

டாக்டரோட ரெஃபரல் சீட்டு, அதுல நோய் பேர் தெளிவா. இப்ப சாப்பிடுற மாத்திரை லிஸ்ட். தமிழ்ல ஒரு பக்கம் சம்மத படிவம். ஒவ்வொரு தடவையும் நிரப்புற ஒரு அட்டை: தேதி, வலியோ டென்ஷனோ முன்னாடி பத்துக்கு எவ்வளவு, பின்னாடி எவ்வளவு, என்ன வாக்கியம் குடுத்தோம், ஏதாவது சங்கடம் ஆச்சா. இவ்வளவு தான்.

சம்மத படிவத்துல இந்த அஞ்சு விஷயம் கட்டாயம் வரட்டும். இது ஹிப்னாஸிஸ் முறை தான்னு நேராவே சொல்லணும், வேற பேர் போட்டு மறைக்காதீங்க, பிறகு மகனோ மருமகளோ வந்து கேக்குறப்ப முழிக்க வேண்டி வரும். மருந்துக்கு பதில் இல்ல, மருந்தோட கூட. எப்ப வேணும்னாலும் கண்ணத் திறந்து நிறுத்தலாம். ரெக்கார்ட் பண்றதா இருந்தா அதுக்கு தனியா சம்மதம். 18 வயசுக்கு கீழன்னா பெத்தவங்க கையெழுத்து, பெத்தவங்களும் ரூம்ல இருக்கணும்.

விளவங்கோடு, அருமனை பக்கம் மலையாளம் பேசுற பாட்டிமார் வருவாங்க, தமிழ் எழுத்து ஓடாது. படிவத்த மலையாளத்துலயும் ஒரு காப்பி எழுதி வச்சுக்கோங்க, இல்லன்னா வாசிச்சுக் காட்டி சாட்சி கையெழுத்து வாங்குங்க.

4. இடம், நேரம்

ஏசி ரூம் எல்லாம் வேண்டாம். கை வச்ச நாற்காலி ரெண்டு, கதவு சாத்துனாலும் வெளிய இருந்து பாக்குற மாதிரி ஒரு கண்ணாடி, ஃபேன். ஆண் சொல்லிக் கொடுக்கிறாருன்னா பெண் நோயாளிக்கு கூட ஒரு பெண் இருந்தே ஆகணும், இதுல விட்டுக்கொடுப்பே கிடையாது. நோயாளி மேல கை வைக்காம எல்லாத்தையும் செய்யலாம், வைக்காதீங்க.

படுக்க வைக்காதீங்க, குறட்டை தான் வரும்.

நேரம் தான் இங்க பெரிய பாடு. ரப்பர் பால் வெட்டுறவங்க விடியுறதுக்கு முந்தியே தோட்டத்துக்கு போயிருவாங்க, பால் எடுத்து ஷீட் அடிச்சு முடிச்சு மத்தியானம் வந்தா உக்காந்ததும் உறங்கிருவாங்க, அவங்களுக்கு சாயங்காலம் குடுங்க, இல்ல மழையில வெட்டு இல்லாத நாள் பாருங்க. அண்டி ஆபீஸ்ல முந்திரி தோல் உரிக்கிற அக்காமாருக்கு லீவு போட்டா கூலி போகும், ஞாயிறு ஆராதனை முடிஞ்ச பிறகு வரச் சொன்னா வருவாங்க. குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் விசைப்படகுல போறவங்கள தொடர்ந்து நாலு வாரம் பிடிக்கிறது கஷ்டம், ஆனா மேற்குக் கடல்ல ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், அந்த ரெண்டு மாசத்துல வகுப்ப வச்சுருங்க. சின்னமுட்டம் ஆளுங்களுக்கு கிழக்குக் கரை கணக்கு, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14. ரெண்டையும் காலண்டர்ல குறிச்சு வச்சுக்கோங்க.

கோயில் கொடை, சர்ச் திருவிழா நாள்ல ஸ்பீக்கர் சத்தத்துல ஒண்ணும் நடக்காதுன்னு நினைப்பீங்க. புதுசா வர்றவங்களுக்கு அன்னைக்கு வேண்டாம் தான். மூணாவது தடவை வர்றவங்களுக்கு அந்த சத்தத்துலயே செய்ய வைங்க, அவங்க வீடும் அப்படித் தான இருக்கப் போகுது.

5. முதல் நாள் பேச்சு

முக்கால் மணி நேரம் ஒதுக்குங்க, அதுல பாதி பேச்சுக்கே போகும். வர்ற கேள்வி எல்லாம் ஒரே மாதிரி. "சிஸ்டர், என் வாயில இருந்து வீட்டு ரகசியம் எல்லாம் வந்துராதே?" "முழிக்காமலே போயிட்டா?" "இது செய்வினை கணக்கா ஏதும் ஆவுமா?" "பாஸ்டர்கிட்ட கேட்டுட்டு வரட்டா?"

கேட்டுட்டு வரட்டும், தடுக்காதீங்க. பாஸ்டரோ ஃபாதரோ குடும்பத்துல மூத்தவரோ யார வேணும்னாலும் கூட்டிட்டு வந்து பக்கத்துல உக்கார வைக்கலாம்னு சொல்லுங்க, அந்த ஒரு வார்த்தையில பாதி பயம் போயிரும். மத்ததுக்கு நேரா பதில்: நினைவு இருக்கும், என் குரல் கேக்கும், சொல்ல விரும்பாதத சொல்ல மாட்டீங்க, நான் எழும்பி போயிட்டா கூட கொஞ்ச நேரத்துல நீங்களே கண்ண திறந்துருவீங்க, இல்லன்னா உறங்கி முழிப்பீங்க.

அதுக்கப்புறம் ஒரு சின்ன சோதனை. கண்ண மூடச் சொல்லி, உப்பும் வத்தல் பொடியும் தடவின புளிச்சி மாங்காத் துண்டு நாக்குல வைக்கிறதா நினைக்கச் சொல்லுங்க. எச்சில் ஊறும். "நினைப்புக்கு உடம்பு எப்படி பதில் சொல்லிச்சு பாத்தீங்களா, இத தான் வலிக்கும் பயன்படுத்தப் போறோம்"னு அங்கயே பிடிச்சுக்கோங்க. இதுக்கு மேல விளக்கம் எதுவும் தேவைப்படல எனக்கு. சிலருக்கு எச்சில் ஊறாது, அவங்களுக்கு படமா நினைக்க வராது, "கை கனமாகுது"ன்னு உடம்பு உணர்வு வழியா போங்க.

6. உள்ள போற வழி

ஆயிரம் முறை இருக்கு, நோயாளிக்கு ஒண்ணே ஒண்ணு குடுங்க. நான் குடுக்கிறது இது.

கால் ரெண்டும் தரையில. கண்ணுக்கு நேரா இல்லாம கொஞ்சம் மேல சுவத்துல ஒரு புள்ளிய பாக்கச் சொல்லுங்க, கண்ணு களைச்சு தானா மூடும். மூச்ச இழுத்து அடக்க சொல்லாதீங்க, வெளிய விடுறத மட்டும் மெதுவா விடச் சொல்லுங்க, ஏன்னா ஆர்வத்துல வேகமா இழுத்து இழுத்து விட்டா தலை சுத்தி விரல் மதமதன்னு ஆயிரும், அப்புறம் "எனக்கு என்னமோ ஆச்சு"ன்னு பயந்துருவாங்க. பிறகு நெத்தி, தாடை, தோள், கை, வயிறு, தொடை, பாதம்னு ஒவ்வொண்ணா. தாடையில கொஞ்சம் நில்லுங்க, நிறைய பேர் பல்ல கடிச்சுக்கிட்டே தான் இருப்பாங்க.

அதுக்கப்புறம் கனம், சூடு. ஜெர்மன் டாக்டர் ஷுல்ட்ஸ் உண்டாக்குன ஆட்டோஜெனிக் முறையில இருந்து வந்தது இது. "வலது கை கனமா இருக்கு... வலது கை இளஞ்சூடா இருக்கு..." இப்படி ரெண்டு கை, ரெண்டு கால். பிறகு பத்துல இருந்து ஒண்ணு வரைக்கும் இறக்கம், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வெளிமூச்சு. ரெடிமேட் ஸ்கிரிப்ட்ல படி இறங்கச் சொல்லுவான், மூட்டு வலிக்காரங்கள மனசுக்குள்ள கூட படி இறக்காதீங்க, முகம் சுளிக்கிறது தெரியும். எண்ணு போதும்.

அவங்க பேசுற மாதிரியே பேசுங்க. "உங்கள் உடல் முழுவதும் தளர்வடைகிறது"ன்னு ரேடியோ குரல்ல சொல்றதுக்கு "மேலு முழுக்க அயஞ்சு வருது"ன்னா அவங்களுக்கு உடனே ஏறும்.

7. கடல காட்டாதீங்க

இத தனி தலைப்பா எழுத காரணம் இருக்கு. இன்டர்நெட்ல கிடைக்கிற ஸ்கிரிப்ட் பத்துல எட்டு "நீங்கள் ஒரு அழகான கடற்கரையில் இருக்கிறீர்கள், அலைகளின் ஓசை"ன்னு தான் ஆரம்பிக்கும். நம்ம மாவட்டத்துல கடற்கரை கிராமத்துக்காரங்களுக்கு அலை சத்தம் அமைதியா இருக்கணும்னு ஒரு கட்டாயமும் இல்ல. 2004 சுனாமி குளச்சல்லயும் மணக்குடியிலயும் என்ன பண்ணிச்சுன்னு தெரியும், 2017 நவம்பர் கடைசியில ஒகி புயல் நேரத்துல கடலுக்கு போனவங்க எத்தனையோ பேர் வரவே இல்ல.

கழுத்து வலிக்கு வந்த ஒரு அக்கா, அமைதியா உக்காந்திருந்தவங்க, கூட இருந்த டிரெய்னி பிள்ள ஆடியோவ போட்டதும், அலை சத்தம் வந்த அடுத்த நிமிஷம் சேலை முந்தாணிய ரெண்டு கையாலயும் முறுக்க ஆரம்பிச்சாங்க. மூச்சு நெஞ்சு மேல மேலன்னு போகுது, கண்ணு மட்டும் மூடியே இருக்கு, சொன்னத மீறக் கூடாதுன்னு நினைச்சுட்டாங்க போல. நிறுத்தி கண்ண திறக்க வச்சு தண்ணி குடுத்தோம். காரணம் நாங்க கேக்கல, அவங்களும் சொல்லல. அடுத்த வாரம் "உங்களுக்கு எங்க இருந்தா நிம்மதி"ன்னு கேட்டப்ப அம்மை வீட்டு அடுக்களைப் பின்வாசல்ல, மழை பெய்யுறப்ப கட்டன் சாயா குடிச்சுட்டு உக்காந்திருக்கிறதுன்னு சொன்னாங்க. அந்த இடத்த எந்த ஸ்கிரிப்ட்டும் எழுதி குடுக்காது.

அதனால இடத்த நீங்க சொல்லாதீங்க, கேளுங்க. என்ன தெரியுது, என்ன சத்தம், என்ன மணம், கையில என்ன படுதுன்னு நாலும் கேட்டு அவங்க வாயால வந்த வார்த்தையவே அட்டையில எழுதி வைங்க. ரப்பர் தோட்டத்து குளிர், திற்பரப்பு அருவி, குளக்கரை ஆலமரம், சர்ச் கடைசி பெஞ்சுன்னு என்னவெல்லாமோ வரும். சிலர் கடல்னே சொல்லுவாங்க, அவங்க சொன்னா சரி.

8. வாக்கியம் அவங்களோடதா இருக்கணும்

உள்ள போன பிறகு சொல்லிக்கிற ஒரு வாக்கியம். "வலி இல்ல, வலி இல்ல"ன்னு குடுத்தா வலியத் தான் நினைப்பாங்க. "எனக்கு முழுசா குணமாயிருச்சு"ன்னு குடுத்தா மனசே நம்பாது. "தோள் லூசாகுது, மூச்சு சுகமா போகுது", "உறக்கம் வர்றப்ப வரட்டும், உடம்பு ஓய்வுல இருக்கு" இந்த அளவுக்கு நம்புற மாதிரி, சின்னதா, நடந்துக்கிட்டு இருக்கிற மாதிரி. ஒரு ஆளுக்கு ஒரு வாக்கியம். சாமி பேரயோ ஜெப வரியவோ சேத்துக்கிறேன்னு கேட்டா சேக்கட்டும், நீங்களா சேக்காதீங்க.

9. வெளிய வர்றத சொல்லாம விடாதீங்க

ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் ஏத்தி எண்ணி, விரல அசைச்சு, கைய மடக்கி நீட்டி, பெரிய மூச்சு விட்டு, கண்ண திறக்கணும். ராத்திரி உறங்குறதுக்கு செஞ்சா இது வேண்டாம், அப்படியே உறங்கட்டும். பகல்லன்னா கட்டாயம். திறந்ததும் எழும்பக் கூடாது, பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு தலை கிறுகிறுன்னு வரும். பத்து நிமிஷம் வராந்தாவுல உக்காந்து பேசிட்டு தான் வண்டி எடுக்கணும். பஸ்சுல ஜன்னல் பக்கம் உக்காந்து பயிற்சி செய்யலாமான்னு கேப்பாங்க, செய்யலாம், ஸ்டாப் விட்டுட்டா நம்ம பொறுப்பில்ல. பைக், ஆட்டோ, ஜேசிபி, படகு ஓட்டுறப்பவும் பால் வெட்டுற கத்தி கையில இருக்கிறப்பவும் கூடாதுன்னு அட்டையில பெரிய எழுத்துல எழுதி குடுங்க. சுகர் இன்சுலின் போடுறவங்க சாப்பாட்ட தள்ளி வச்சுட்டு செய்யக் கூடாது, சுகர் குறைஞ்சு வர்ற மயக்கத்த ரிலாக்ஸ் ஆகுறோம்னு நினைச்சுருவாங்க.

10. உங்க குரல கழட்டி விடுங்க

நாலு வாரம், வாரம் ஒரு தடவை. முதல் தடவை நீங்க சொல்லி அவங்க செய்யணும். ரெண்டாவது, அவங்க வாயால சத்தமா சொல்லிக்கிட்டே செய்யணும், நீங்க கேட்டுக்கிட்டு இருங்க, இதுல தான் எங்க மறக்குறாங்க, எங்க அவசரப்படுறாங்கன்னு தெரியும், வெக்கப்பட்டு சிரிப்பாங்க, விட்டுராதீங்க. மூணாவது மனசுக்குள்ள, முடிஞ்சதும் விரல் தூக்கி காட்டணும். நாலாவது நீங்க ரூமுக்கு வெளிய.

வீட்டுல தினம் ரெண்டு வேளை, பத்து பதினஞ்சு நிமிஷம். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேத்து வச்சு செஞ்சு பழகிட்டா சில வாரத்துல அந்த விரல சேத்ததுமே உடம்பு தளர ஆரம்பிக்கும், ஊசி போடுற நேரத்துல, ஸ்கேன் ரூம்ல இது தான் கை குடுக்கும்.

எல்லாரும் கேக்குறது "ஆடியோ வாட்ஸ்அப்ல அனுப்புங்க சிஸ்டர்". அனுப்புனா அத கேக்க தான் செய்வாங்க, கத்துக்க மாட்டாங்க. டேட்டா தீந்தா பயிற்சியும் தீந்துச்சு. ரெண்டாவது தடவையில அவங்க குரல்ல அவங்க போன்லயே ரெக்கார்ட் பண்ணி குடுங்க, மொதல்ல "ஐயே என் சத்தமா இது"ன்னுவாங்க, ஆனா அத தான் பிறகு கேக்குறாங்க.

11. அழுதா, படபடத்தா

அழுகை வரும், அது கெட்டது இல்ல. சும்மா இருங்க, டிஷ்யூ பக்கத்துல வைங்க. ஆனா மூச்சு வேகமாகி, உடம்பு நடுங்கி, வேற எங்கயோ இருக்கிற மாதிரி ஆனா உடனே நிறுத்தணும். பேர் சொல்லிக் கூப்பிட்டு கண்ண திறக்க வைங்க, பாதத்த தரையில அழுத்த சொல்லுங்க, ரூம்ல தெரியுற அஞ்சு பொருள் பேர சொல்ல வைங்க. "என்ன ஞாபகம் வந்துச்சு"ன்னு தோண்டாதீங்க. ஹிப்னாஸிஸ்ல வர்ற ஞாபகம் உண்மைன்னு உறுதி கிடையாது, நடக்காதது நடந்த மாதிரி தோணும், அத வச்சு குடும்பத்துல அடிதடி வரைக்கும் போயிரும். அன்னைக்கே டாக்டருக்கு எழுதி அனுப்புங்க. ராத்திரி வீட்டுல மனசு சரியில்லன்னா கூப்பிட 14416, டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழ்லயும் பேசலாம், அட்டையோட பின்பக்கம் அச்சடிச்சு வைங்க.

12. செலவு

உங்களுக்கு பெரிய செலவு இல்ல: படிவமும் அட்டையும் ஜெராக்ஸ், கை வச்ச பிளாஸ்டிக் நாற்காலி, வந்தவங்களுக்கு தண்ணி. நோயாளிக்கு தான் செலவு, பஸ்சுக்கும் விட்டுப்போன கூலிக்கும். அதனால டாக்டர்கிட்ட வர்ற அதே நாள்ல இதையும் வைங்க. கிளினிக்ல ஃபீஸ் வாங்குறதா இருந்தா நாலு தடவைக்கு மொத்தம் எவ்வளவுன்னு முதல் நாளே எழுதி குடுங்க. பத்து சிட்டிங், இருபது சிட்டிங் பேக்கேஜ்னு போடுறவங்கள பாத்தா எனக்கு எரிச்சல் தான் வரும், தனியா செய்ய கத்துக் கொடுக்கிற விஷயத்துக்கு எதுக்கு இருபது?

13. நாலு தடவைக்கு அப்புறம்

ஒரு மாசம் கழிச்சு ஒரு போன், மூணு மாசம் கழிச்சு ஒண்ணு. "நல்லா இருக்கீங்களா"ன்னு கேட்டா "இருக்கேன் மக்ளே"ன்னு தான் பதில் வரும், அதனால "நேத்து எத்தன மணிக்கு செஞ்சீங்க, எங்க உக்காந்து செஞ்சீங்க"ன்னு கேளுங்க. டக்குன்னு பதில் வரலன்னா செய்யலன்னு அர்த்தம், ஒரு தடவை மறுபடி வரச் சொல்லுங்க. வலி குறைஞ்சுட்டுன்னு மாத்திரைய தானா நிறுத்திட்டாங்களான்னும் கேக்கணும், பிரஷர், சுகர், தைராய்டு, மனநல மாத்திரை எல்லாத்தையும் பேர் சொல்லி தனித்தனியா கேளுங்க. நாலு வாரம் ஒழுங்கா செஞ்சும் அட்டையில எண்ணு ஒண்ணும் குறையலன்னா இழுத்துக்கிட்டு இருக்காம, அந்த அட்டையோட ஒரு காப்பிய சேத்து டாக்டர்கிட்டயே திருப்பி அனுப்பிருங்க.